நீ யார் வீட்டுப் பிள்ளை? ஸ்காட்லாந்து வேர்களைக் கடல் கடந்து தேடுவோர்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நேரக் குறைவால் சுருக்கிச் சொன்னதை இங்கே சற்று விரிவாகத் தருகிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கேலிக் மொழி பேசும் பெரியவர்கள் ஊருக்குள் வரும் இளையவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோ லேஷ் ஊ?" என்பார்கள். 'நீ யாரைச் சேர்ந்தவன்?' என்பது பொருள். நம் பாட்டிமார் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, அதே கேள்விதான். பெயரைச் சொன்னால் அவர்களுக்குப் போதாது. அப்பா யார், அப்பாவின் அப்பா யார், எந்த ஊர், எந்த வீடு என்று கோவையாகச் சொன்னால்தான் முகம் மலரும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஸ்காட்லாந்து வம்சத்தினர் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தின் மக்கள் தொகை சுமார் 54 லட்சம். நம் நாட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தேசம். ஆனால், அந்த மண்ணிலிருந்து கிளம்பிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரந்து கிடக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கையில் இருப்பது ஒரு குடும்பப் பெயர், ஒரு பழைய வேதாகமம், 'ஹைலண்ட்ஸ் பக்கம்' என்று தாத்தா சொன்ன ஒரு சொல். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போய்த் தம் முன்னோர் வாழ்ந்த குடிசை நின்ற இடம்வரை கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். எப்படி முடிந்தது? முகம் தெரியாத சக ஆய்வாளர்கள் உதவியதால் முடிந்தது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். கேமரன் மலையும் பிரேசர் மலையும் தாங்கி நிற்பவை ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் பத்து காஜாவில் நிற்கும் கெல்லி மாளிகையைக் கட்டத் தொடங்கியவர் ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித். தம் தோட்டத்துக்கு 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயர் வைத்தார். கெல்லாஸ் என்பது மோரேயில் உள்ள ஓர் ஊர். மாளிகைக்கு அருகே தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரைமேல், தெய்வச் சிலைகளுக்கு நடுவே, கோட்டு அணிந்த வெள்ளைக்காரத் துரையின் சிலை ஒன்றை இன்றும் காணலாம். நம் தாத்தாக்கள் 'துரை' என்று அழைத்த பலருக்கும் ஊர் இங்கிலாந்து அன்று, ஸ்காட்லாந்து.

ஏன் கிளம்பினார்கள்?

வேரைத் தேடுபவன் முதலில் அறிய வேண்டியது மரம் ஏன் பிடுங்கப்பட்டது என்பதை. 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் ஹைலண்ட்ஸ் குலத்தவர் பலர் திரண்டிருந்த யாக்கோபியப் படை தோற்றது. அதன் பிறகு குலத் தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலப்பிரபுக்களாக மாறினார்கள். முன்பு ஒரு தலைவனுக்குப் பலம் அவன் பின்னால் நின்ற ஆட்கள். இப்போது பலம் வாடகைப் பணம். ஆட்டுக்கு இருந்த விலை ஆளுக்கு இல்லாமல் போனது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்துப் பகுதியில் உட்புறப் பள்ளத்தாக்குகளில் இருந்த ஊர்கள் வரிசையாகக் காலி செய்யப்பட்டு, அந்த நிலங்கள் பெரிய ஆட்டுப் பண்ணைகள் ஆயின. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் நடந்த வெளியேற்றங்கள் இன்றும் கசப்போடு நினைவுகூரப்படுகின்றன. 1814-இல் அந்த வேலையை முன்னின்று நடத்திய பேட்ரிக் செல்லர் 1816-இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றவாளி அல்லர் என்று விடுவிக்கப்பட்டார். கடற்கரையில் துண்டு நிலங்களுக்குத் தள்ளப்பட்டவர்கள் உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள். 1846-இல் கிழங்கு நோய் வந்து அதையும் அழித்தது. 1852 முதல் 1857 வரை ஓர் உதவிச் சங்கம் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அந்தச் சங்கத்தின் பயணிகள் பட்டியல் தப்பிப் பிழைத்திருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் பெயர், வயது, ஊர் எழுதப்பட்ட அந்தப் பட்டியல்தான் இன்று பல ஆஸ்திரேலியக் குடும்பங்களுக்கு ஊருக்குத் திரும்பும் பாலம்.

ஆனால், எல்லாரும் விரட்டப்பட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தாழ்நிலப் பகுதிகளிலிருந்து நெசவாளர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் பிழைப்புத் தேடித் தாமாகவே போனார்கள். 1848-இல் 'ஜான் விக்லிஃப்', 'பிலிப் லேங்' என்ற இரு கப்பல்களில் நியூசிலாந்தின் ஒட்டாகோவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் தாங்கள் அமைத்த ஊருக்கு 'டனீடன்' என்று பெயர் வைத்தார்கள். எடின்பரோ நகரத்தின் கேலிக் பெயர் அது. தம் குடும்பத்தை விரட்டினார்களா, தாமே வந்தார்களா என்பதை ஆதாரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்ணீர்க் கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை நம் கதையாக்கிக்கொள்ள முடியாது.

மூன்று நாடுகள், ஒரே கூட்டம்

கடல் கடந்த தேடல் எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் அசின்ட் என்ற பகுதி. அங்கே 1780-இல் பிறந்தவர் நார்மன் மெக்லவுட். கண்டிப்பான சமயப் போதகர். 1817-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள பிக்டோவுக்குக் கப்பலேறினார். அவரைப் பின்பற்றியவர்கள் அங்கே சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் கேப் பிரட்டன் தீவின் செயின்ட் ஆன்ஸ் என்ற இடத்துக்கு நகர்ந்தது. காடு வெட்டி, வீடு கட்டி, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அங்கும் உருளைக்கிழங்கு நோய் துரத்தி வந்தது.

ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்த மெக்லவுட்டின் மகனிடமிருந்து கடிதம் வந்தது. எழுபது வயதைக் கடந்த கிழவர் மறுபடியும் கப்பலேறத் தயாரானார். 1851-இல் 'மார்கரெட்' என்ற கப்பல் கிளம்பியது. அடிலெய்டு, பிறகு மெல்பர்ன். அங்கோ தங்க வேட்டையின் பேய்க்கூச்சல், கூடாரங்களில் காய்ச்சல். மெக்லவுட் அங்கே மூன்று மகன்களைப் பறிகொடுத்தார். கடைசியில் நியூசிலாந்தின் வடக்கே வைப்பூ என்ற இடத்தில் 1850-களில் நிலம் கிடைத்தது. நோவா ஸ்கோஷியாவிலிருந்து அடுத்தடுத்து மொத்தம் ஆறு கப்பல்களில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். மெக்லவுட் 1866-இல் அங்கேயே காலமானார்.

இப்போது வைப்பூ வம்சத்தில் பிறந்த ஒருவர் தம் வேரைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக ஸ்காட்லாந்துப் பதிவேட்டைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் அவருடைய கொள்ளுத்தாத்தா பிறந்தது கேப் பிரட்டனாக இருக்கலாம். முதலில் நியூசிலாந்தின் இறப்புப் பதிவு. பிறகு நோவா ஸ்கோஷியாவின் நிலப் பத்திரங்களும் கல்லறைகளும். அதற்குப் பிறகே அசின்ட். ஒவ்வொரு நாட்டிலும் அந்த ஊரின் மேடு பள்ளம் தெரிந்த ஒரு துணை வேண்டும். வைப்பூவில் ஓர் அருங்காட்சியகம் இந்தக் குடியேற்றக் குடும்பங்களின் வம்சாவளியைப் பேணி வருகிறது. கேப் பிரட்டனில் எஞ்சியிருந்த உறவினர்களின் கிளைகளும் தங்கள் பக்கத்துக் குறிப்புகளை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒட்டவைத்தால்தான் ஒரு குடும்பம் முழுதாகத் தெரியும்.

பதிவேடுகள் சொல்வதும் சொல்லாததும்

ஸ்காட்லாந்தில் அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1-ஆம் தேதி கட்டாயமாகத் தொடங்கியது. அதற்கு முந்தியவை எல்லாம் தேவாலயப் பதிவேடுகள். இவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயர் பகுதியின் எரோல் ஊருடையது, 1553-இல் தொடங்குகிறது. ஆனால், எல்லா ஊரும் எரோல் அன்று. வடமேற்கு ஹைலண்ட்ஸிலும் தீவுகளிலும் பல ஊர்களின் பதிவுகள் மிகவும் பிந்தியே தொடங்குகின்றன. இடையில் பக்கங்கள் காணாமல் போனவையும் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள். ஏழைகள் பலர் பதிவதையே விட்டுவிட்டார்கள். 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டு, 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபை அமைத்தார்கள். அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைப் பழைய திருச்சபையின் ஏட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனவே 'பதிவு இல்லை' என்றால் 'ஆள் இல்லை' என்று பொருளாகாது. இது இத்துறையின் முதல் பாடம்.

1855-க்குப் பிந்தியவற்றில் தேடுபவர்களுக்குப் பெரும் அதிர்ஷ்டம். அந்த முதலாண்டுப் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், எப்போது எங்கே மணந்தார்கள், முன்பு பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுவரை எழுதினார்கள். எழுதுபவர்களுக்கு வேலை அதிகமானதால் அடுத்த ஆண்டே பலவற்றைக் குறைத்துவிட்டார்கள். பெற்றோரின் திருமண விவரம் மட்டும் 1861-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. இறப்புப் பத்திரத்தில் இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். எண்பது வயதில் 1855-இல் ஒரு மூதாட்டி இறந்திருந்தால், அந்த ஒரு தாள் நம்மை 1775-க்கும் அதற்கு முந்திய தலைமுறைக்கும் கொண்டுபோய்விடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் 1841 முதல் 1921 வரை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துள்ளன. 1841-இல் ஒருவர் அதே கவுண்டியில் பிறந்தவரா இல்லையா என்று மட்டும்தான் கேட்டார்கள். பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். 1851-இலிருந்து பிறந்த ஊரே எழுதப்பட்டது. இந்த ஏடுகளோடு 1513 முதல் 1925 வரையிலான உயில்களையும் ஸ்காட்லாந்தின் தேசியப் பதிவகம் இணையத்தில் வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். ஒரு காலத்தில் இதற்காக எடின்பரோவுக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது.

தேவாலயப் பெரியவர்கள் கூடி எழுதிய கூட்டக் குறிப்பேடுகள் இன்னொரு புதையல். மணமாகாத பெண் கருவுற்றால் அவளை அழைத்துத் தகப்பன் யார் என்று விசாரிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது அவமானமாக இருந்திருக்கும். ஆனால், ஞானஸ்நானப் பதிவில் விடுபட்டுப்போன ஒரு தகப்பனின் பெயர் அந்தக் குறிப்பேட்டில் மட்டுமே தங்கியிருக்கக்கூடும். 1845-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு உதவி கேட்டு வந்தவர்களிடம் கேட்டு எழுதிய விண்ணப்பங்களும் அப்படியே. கிளாஸ்கோவின் மிட்செல் நூலகக் கட்டடத்தில் உள்ள நகர ஆவணக் காப்பகத்தில் அவை பேணப்படுகின்றன. பசியோடு வாசலில் நின்றவரிடம் பிறந்த ஊர், பெற்றோர், கணவன், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பணக்காரன் உயில் எழுதி வரலாற்றில் நின்றான். ஏழை கையேந்தி நின்றதால் நின்றான்.

பேரன் என்றால் பெயரன்

ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க ஒரு பழைய வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர். பெண்களில் மூத்தவளுக்குத் தாயின் தாய் பெயர். இரண்டாமவளுக்குத் தந்தையின் தாய் பெயர். மூன்றாமவளுக்குத் தாயின் பெயர்.

நமக்கு இது புதிதா? தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தானே 'பெயரன்' என்றும், அதுவே மருவிப் 'பேரன்' என்றும் ஆனது! ஆகவே இந்த வழக்கத்தின் நன்மையும் தொல்லையும் நமக்கு எளிதில் புரியும். பிள்ளைகளின் பெயர் வரிசையைப் பார்த்தே தாத்தா பாட்டி பெயரை ஊகிக்கலாம், இது நன்மை. ஜான் என்ற தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்றால், ஐந்து வீட்டிலும் ஒரு ஜான் பிறப்பான். குடும்பப் பெயரும் ஒன்றே. எந்த ஜான் கப்பலேறினான் என்பது தொல்லை. ஊகம் வழி காட்டும், சாட்சி சொல்லாது.

ஸ்காட்லாந்துப் பெண்கள் மணமான பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சட்ட ஆவணங்களில் இழப்பதில்லை. பல கல்லறைகளில் மனைவியின் பெயர் அவளுடைய தந்தை வழிக் குடும்பப் பெயரோடுதான் செதுக்கப்பட்டிருக்கும். மற்ற நாடுகளில் மணமானதும் மறைந்துபோகும் தாய்வழி, இங்கே கல்லில் நிற்கிறது.

குடும்பப் பெயரை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 1603-இல் மெக்ரிகர் என்ற பெயரையே அரசு தடை செய்தது. இடையில் நீங்கி, மறுபடி வந்து, அந்தத் தடை 1774-இல்தான் முற்றாக நீங்கியது. அந்தக் காலம் முழுதும் மெக்ரிகர்கள் கேம்பெல் என்றும் வேறு பெயர்களிலும் மறைந்து வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரிகரே தம் தாயின் குடும்பப் பெயரான கேம்பெல்லைப் பயன்படுத்தினார். எனவே கேம்பெல் என்றால் கேம்பெல் இரத்தம் என்று சொல்லிவிட முடியாது. குலத் தலைவனின் நிலத்தில் குடியிருந்ததாலேயே அவன் பெயரை ஏற்றவர்களும் உண்டு. கடையில் ஒரு கட்டம் போட்ட துணியை வாங்கி 'இது எங்கள் குலத்துத் துணி' என்று போர்த்திக்கொள்வது எளிது. உண்மையான கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பது கடினம்.

முகம் தெரியாத துணைவர்கள்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இந்தத் தேடலைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் அறிஞர்கள் அல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர், அஞ்சல்காரர், இல்லத்தரசி என்று நம்மைப் போன்றவர்கள்.

1953-இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து வம்சாவளிச் சங்கம் தொடங்கப்பட்டது. ஜான் மிட்செல், ஷீலா மிட்செல் தம்பதியினர் 1855-க்கு முந்திய கல்லறை எழுத்துகளை ஊர் ஊராகப் போய்ப் படித்துத் தொகுத்தார்கள். பாசி படர்ந்து, மழையில் கரைந்து, இன்று தடவினால்கூடத் தெரியாத எழுத்துகள் பல அவர்கள் தாளில் தப்பித்தன. டொனால்ட் வைட் என்பவர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன ஸ்காட்லாந்துக்காரர்களின் அகராதிகளையே தொகுத்து வெளியிட்டார். ஹாரிஸ் தீவில் பில் லாசன் என்பவர் பல பத்தாண்டுகள் உழைத்து வெளித்தீவுகளின் குடும்பங்களைத் தொகுத்தார். ஏட்டில் இருந்ததை மட்டும் அவர் நம்பவில்லை. கிழவர்கள் வாய்வழி சொன்ன 'இன்னான் மகன் இன்னான்' என்ற கோவையையும் கேட்டு, இரண்டையும் உரசிப் பார்த்தார். தாம் நடத்திய ஆய்வுப் பணிக்கு அவர் வைத்த பெயர், நான் தொடக்கத்தில் சொன்ன அதே கேள்விதான்: 'கோ லேஷ் ஊ?'

கடல் கடந்த பக்கத்திலும் இதே உழைப்பு நடக்கிறது. மெல்பர்னில் 1941-லும், நியூசிலாந்தில் 1967-லும் வம்சாவளிச் சங்கங்கள் தோன்றின. இவர்களுக்குள் நடக்கும் பண்டமாற்று எளிமையானது. டனீடனில் இருப்பவர், இன்வர்னஸில் இருப்பவருக்காக உள்ளூர்க் கல்லறையைப் படம் எடுத்து அனுப்புகிறார். பதிலுக்கு இன்வர்னஸ்காரர் அங்குள்ள நூலகத்தில் ஒரு பழைய குத்தகைப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார். புலம்பெயர்ந்தவர்களின் கல்லறைகளில் பிறந்த ஊரைச் செதுக்குவது வழக்கமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் எந்த ஏட்டிலும் கிடைக்காத ஊர்ப் பெயர், பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கல்லில் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல அந்த ஊரில் ஒரு நல்ல மனம் வேண்டும்.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. 'என் தாத்தா மெக்டொனால்ட், அவரைப் பற்றித் தெரியுமா?' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. முழுப் பெயர், தோராயமான ஆண்டு, இடம், துணைவர் பெயர், பிள்ளைகளின் பெயர் வரிசை, இதுவரை எந்த ஏட்டைப் பார்த்தாயிற்று, அங்கே என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். கிடைத்த பதிலை அப்படியே விழுங்காமல் மூல ஏட்டின் படத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒருவர் ஊகமாக எழுதியதை நூறு பேர் பிரதி எடுத்தால், நூறு சாட்சி ஆகாது. ஒரே ஊகம் நூறு இடத்தில் நிற்கும். இன்று மரபணுச் சோதனையும் கைகொடுக்கிறது. ஆனால், அது இருவர் உறவினர் என்று காட்டும். எந்தத் தாத்தா வழி என்பதை ஏடுகள்தாம் சொல்ல வேண்டும்.

மலாக்காவிலிருந்து ஒட்டாவா வரை

தேடல் எங்கே போய் முடியும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இதற்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1774-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு அருகில் பிறந்தவர் வில்லியம் ஃபார்குவார். மலாக்காவின் ரெசிடெண்டாக இருந்தவர். 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட். மலாக்காவில் அவருடன் வாழ்ந்த பெண் நோனியோ கிளமெண்ட். பிரெஞ்சுத் தந்தைக்கும் மலாக்கா மலாய்த் தாய்க்கும் பிறந்தவர். இவர்களின் மகள் எஸ்தர், சிங்கப்பூர்க் காவல் துறையின் முதல் தலைவரான பிரான்சிஸ் பெர்னார்டை மணந்தார்.

அந்த வழித்தோன்றலில் தாய்வழியாக வந்தவர்தான் 2015 முதல் 2025 வரை கனடாவின் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ! ஒட்டாவாவில் ஆட்சி செய்தவரின் மரத்தில் மலாக்காப் பெண் ஒருவரின் வேர் இருப்பதை, ஞானஸ்நானப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் கோத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃபார்குவார் 1839-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் காலமானார். சிங்கப்பூரை நிறுவியவர் என்றே அவருடைய கல்லறை அவரைக் குறிக்கிறது. ராஃபிள்ஸ் பெயரையே படித்து வளர்ந்த நமக்கு அந்தக் கல் வேறு கதை சொல்கிறது. நோனியோ கிளமெண்டின் தாயின் பெயரோ பலரும் அறியாதது. ஆணின் ஊரும் பதவியும் கல்லில் நின்றன. இந்த மண்ணின் பெண்ணுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

தேடல் எப்போதும் பெருமையில் முடிவதும் இல்லை. பிரிட்டிஷ் அரசு 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அன்று, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அந்தப் பட்டியலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ந்து பொதுவில் வைத்தபோது, பல ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் தங்கள் முன்னோரின் பெயரை அதில் கண்டன. ஜமைக்காவில் கேம்பெல் என்ற பெயர் இன்றும் மிகப் பரவலாக இருப்பது எதனால் என்று அப்போது விளங்கியது. விரட்டப்பட்டவனும் ஸ்காட்லாந்துக்காரன், வேறோர் இடத்தில் விலங்கு பூட்டியவனும் ஸ்காட்லாந்துக்காரன். ஒரே மரத்தில் இரு கிளைகளும் இருக்கலாம். வேரைத் தோண்டுகிறவன் மண்ணையும் புழுவையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

நம் கையில் என்ன இருக்கிறது?

இந்த நாட்டுத் தோட்டத்தில் செத்த ஒரு துரையின் கல்லறையில் அவர் பிறந்த ஊர், ஆண்டு, தந்தை பெயர் எல்லாம் செதுக்கப்பட்டிருக்கும். அவருடைய தம்பியின் பேரன் எடின்பரோவிலிருந்து எழுதிக் கேட்டால், அதைப் படம் எடுத்து அனுப்ப ஓர் ஆள் கிடைப்பார். அதே தோட்டத்தில் காட்டை வெட்டி, மரத்தை நட்டு, பால் மரம் சீவி மறைந்த நம் பாட்டனின் குழிமேட்டில் பல இடங்களில் ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. அவருடைய ஊர், கங்காணியின் நினைவில் இருந்தது. பெயர், கிராணி காதில் விழுந்தபடி செக்ரோலில் எழுதப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது அந்த ஏடுகள் என்ன ஆயின என்று யார் கேட்டார்கள்?

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஏடுகள் இருந்தன என்பது உண்மை. ஆனால், ஏடு மட்டும் போதவில்லை. கல்லறை கல்லறையாகப் போய்ப் படித்தவர்களும், கிழவர்கள் சொன்னதை எழுதி வைத்தவர்களும், தமக்கு உறவே இல்லாத ஒருவருக்காக நூலகத்தில் ஒரு பிற்பகலைச் செலவிட்டவர்களும் வேண்டியிருந்தார்கள். இது நம்மாலும் முடிந்த காரியம்தான்.

வாசகர்கள் இந்த வார இறுதியில் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, வீட்டில் உள்ள மூத்தவரை உட்கார வைத்து, அவருடைய தாத்தா பாட்டி பெயர், ஊர், குலதெய்வக் கோயில், ஏறிய துறைமுகம், வந்திறங்கிய தோட்டம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். 'ரஜூலா கப்பல்' என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். அந்தக் கப்பல் ஓடியது 1926 முதல் 1973 வரை என்பதால் காலம் ஓரளவு பிடிபடும். இரண்டாவது, பழைய பயண அட்டை, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பின்புறம் எழுத்துள்ள புகைப்படம் எதையும் எறியாதீர்கள். பெயரின் எழுத்து ஒவ்வொரு தாளிலும் வேறுபட்டால், திருத்தாமல் இருந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, உங்கள் பழைய தோட்டத்து இடுகாடு இன்னும் இருந்தால் நான்கு பேராகப் போங்கள். எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும், அது உங்கள் குடும்பத்தாருடையதாக இல்லாவிட்டாலும், படம் எடுத்து வையுங்கள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பேத்தி அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.